நிதானத்தின் தலையில் மாட்டிய தொப்பி

நாற்காலிக் கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் இடதுபக்கச் சுவரில், என் அக்கா புருஷனின் படம் இன்னும் தொங்குகிறது. தலையில் ரப்பர் தொப்பி, தொப்பியிலிருந்து இரண்டு வயர், முகத்தில் எதற்கென்றே தெரியாத ஒரு சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் ‘மறதியை வென்ற மாமனிதர்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றிக் கொடுங்கள் என்று நானே நேரில் போய்க் கேட்டேன். “மத்த பேஷண்டுகளுக்கு அது ஒரு நம்பிக்கைம்மா” என்றார் அந்த இடத்தை நடத்துகிறவர். நம்பிக்கையாம், நம்பிக்கை! அந்தப் படம் எடுத்த அன்றைக்கு அந்த மாமனிதருக்குத் தன் செருப்பு எது என்று தெரியவில்லை. எவருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அவரை அதற்குமுன் யாரும் மாமனிதர் என்று கூப்பிட்டதில்லை. பஸ் டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். டிரைவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெற்ற நாள்வரை ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசாத மனிதர். எனக்கு அவர் அத்தான். பேச்சு கம்மி. நான் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருக்கும் ஜனங்களுக்கு நடுவில் இருந்துவிட்டு, வாயே திறக்காத அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் என் அக்கா. அந்தப் பஸ்ஸிலேயே பழகி, அந்தப் பஸ்ஸிலேயே சண்டைபோட்டு, கல்யாணமும் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு டிப்போ மேனேஜர், புருஷன் பெண்டாட்டி ஒரே வண்டியில் போனால் நன்றாக இருக்காது என்று ஆளுக்கொரு வண்டியில் போட்டுப் பார்த்தார். புதுக் கண்டக்டர் விசில் ஊதுவான்; அத்தான் கண்ணாடியில் ஒருமுறை பார்ப்பார், தலையைத் திருப்பி ஒருமுறை பார்ப்பார், மறுபடி கண்ணாடியில் பார்ப்பார். அதற்குள் பின்னால் வந்த பஸ் முந்திப் போய்விடும். பயணிகள் போட்ட கூச்சலில் மேனேஜர் ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் பழையபடி சேர்த்துவிட்டார்.

அக்கா விசில் ஊத மாட்டாள். “விசிலு யார் வாயிலதான் இல்ல? ஸ்கூல் பசங்க ஊதி வெளயாடறாங்க” என்பாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி உண்டு. தன் மோதிரத்தால் அதில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். கூட்டத்தில் வேறு எவனாவது குறும்புக்கு இரண்டு தட்டு தட்டினால் வண்டி அசையாது. அந்த மோதிரச் சத்தம் அத்தானுக்குத் தனியாகத் தெரியும். மூன்று தட்டும் உண்டு. அது நாள் முடிவில், டிப்போவுக்குள் வந்த பிறகு. அக்கா பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து முன்சீட்டுவரை குனிந்து பார்த்துக்கொண்டே வருவாள். மறந்துவிட்டுப்போன குடை, டிபன் பாக்ஸ், ஒருமுறை தூங்கிப்போன ஒரு ஆள் என்று எல்லாம் கிடைத்திருக்கிறது. எல்லாரும் இறங்கியாயிற்று என்று தெரிந்த பிறகு மூன்று தட்டு. அப்போதுதான் அத்தான் எஞ்சினை அணைப்பார். சாவியை உருவி, திரும்பிப் பார்க்காமலே தோளுக்குமேல் பின்னால் நீட்டுவார். அக்கா வாங்கிக்கொண்டுபோய் டிப்போ ஜன்னலில் கொடுப்பாள்.

வீட்டிலும் இதே பாஷைதான். பேசிக்கொண்டிருக்கிற விருந்தாளி கிளம்புகிற வழியாக இல்லை என்றால் அக்கா சமையலறையிலிருந்து இரண்டு தட்டு தட்டுவாள். அத்தான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கோ போவதுபோலக் கிளம்பிவிடுவார். நான் கேலி செய்திருக்கிறேன். “ராத்திரி தூங்கறதுக்கும் தட்டுவியாடி?” என்று கேட்டதற்குக் கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வந்தாள்.

ஓய்வுபெற்றதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார்கள். அத்தானுக்கு அதுதான் உயிர். துடைப்பதென்ன, டயரைத் தட்டிப் பார்ப்பதென்ன! அந்தக் காரோடு நான்கைந்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மெல்ல ஆரம்பித்தது. கேட்டதையே கேட்டார். மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் கிடைத்தது. என்னைப் பார்த்து, செத்துப்போன என் புருஷனைப் பற்றி “அவர் ஏன் வரல?” என்று கேட்டார், சொன்னதும் அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல முகம் வாடிப்போனார். அடுத்த அரைமணியில் மறுபடி கேட்டார். ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போன மனிதர் காரோடு வழிதெரியாமல் சுற்றி, சாயங்காலம் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். நல்ல பெண்மணி, சுற்றி வளைக்கவில்லை. “ஞாபகசக்தி குறைஞ்சுகிட்டு வருதும்மா. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள்ள வைங்க, தினம் நடக்க வைங்க, நாலு பேரோட பேச வைங்க. கார் மட்டும் வேணாம்” என்றார். தலைக்குக் கரண்ட் கொடுக்கிறார்களாமே, கம்ப்யூட்டரில் விளையாட வைக்கிறார்களாமே என்று அக்கா பையன் கேட்டான். “ஆராய்ச்சி நடக்குது தம்பி. சிலருக்குக் கொஞ்சம் உதவற மாதிரி தெரியுது, சிலருக்கு இல்ல. வெளையாட்டுல மார்க் ஏறிச்சுன்னா வெளையாட்டு நல்லா வருதுன்னு அர்த்தம். வீட்டு வேலையும் நல்லா வரும்னு சொல்ல முடியாது. இன்னும் முடிவா எதுவும் தெரியல” என்றார். இதைவிட நேர்மையாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் ‘தெரியல’ என்று சொல்கிற டாக்டரை யாருக்குப் பிடிக்கிறது!

பையன் காரின் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அதற்கே ஒரு குஸ்தி நடந்தது. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அன்றிலிருந்து அத்தான் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கீழே இறங்கி, நிற்கிற காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கதவைத் திறக்க முடியாமல் பக்கத்திலேயே நிற்பார். அக்கா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த மனிதருக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடியது. வேறு எதுவும் ஏறவில்லை.

இந்த லட்சணத்தில் அக்கா பையன் அந்த நாற்காலிக் கடை மாடியைக் கண்டுபிடித்தான். அவன் ஆபீஸ்களுக்கு ஜெராக்ஸ் மிஷின் விற்கிறவன். ஒரு கோடு கீழிருந்து மேலே ஏறுகிற மாதிரி படம் போட்டுக் காட்டினால் போதும், அவன் வாயைப் பிளந்துவிடுவான். அந்த இடத்துக்கு ‘மூளை விழிப்பு நிலையம்’ என்று பெயர். நடத்துகிறவர் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். டாக்டரா என்று கேட்டால் “அதுக்கும் மேல” என்பார். நான் வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளுகிறவள். கோட்டில் ஒரு மருந்துக் கறைகூட இல்லாத ஆளை நான் நம்புவதில்லை. ஜனங்களின் தலையில் மிளகாய் அரைப்பது என்று சொல்வோமே, அந்த ஆள் நிஜமாகவே தலையில் வைத்து அரைத்தார். பணத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை, பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

தொப்பிக்குள் இரண்டு ஈரப் பஞ்சு. உப்புத் தண்ணீரில் நனைத்தது. அதன்வழியே லேசான மின்சாரம் போகுமாம். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எதிரே டி.வி. மாதிரி ஒரு திரையில் படங்கள் வரும். குடை, பூனை, கடிகாரம். சற்றுமுன் வந்த படமே மறுபடி வந்தால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு படம் வந்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பயிற்சி கொடுக்கிற பெண் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து மார்க்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் நாள் அத்தான் தொப்பியையே மாட்ட விடவில்லை. அக்காவை அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்த பிறகுதான் தலையைக் கொடுத்தார். கொடுத்து என்ன பிரயோஜனம்? கண்டபடி அழுத்தித் தள்ளினார். மார்க்கைச் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றாள் அக்கா.

அடுத்த வாரம் போன் செய்தான் பையன். “சித்தி! அப்பாவுக்கு மார்க் ஏறிடுச்சு!” அதற்கடுத்த வாரமும் ஏறியது. மாத முடிவில், அந்தக் கோடு ஏணி வைத்த மாதிரி மேலே போய்விட்டது. அவன் அதைத் தன் மிஷினிலேயே பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கூடத்தில் ஒட்டினான். நான் வந்து பார்க்கும்போது அத்தான் அதற்குக் கீழே உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரே பேன்ட் காலுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடி இது? சுவத்துல ஏறுது, வீட்ல இறங்குது?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“போகப்போக சரியாகும்டி. மிஷின் சொல்லுதுல்ல” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். நான்தான் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். படங்கள் வர ஆரம்பித்தன. அத்தான் விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்தார். வைத்தது வைத்தபடியே இருந்தார். குடை வந்தது, மறுபடி குடை வந்தது, பூனை வந்தது. ஒருமுறைகூட அழுத்தவில்லை. அவர் திரையையே பார்க்கவில்லை. தலைக்குமேல் வலதுபக்கம், பஸ்ஸில் கண்ணாடி இருக்கிற இடத்தில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரர் ஓடிவந்தார். தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். “பஞ்சு காஞ்சுபோச்சும்மா, கரண்ட் சரியா போகல. இன்னிக்கி எடுத்தது செல்லாது” என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் அன்றைய மார்க்கையே அழிக்கச் சொல்லிவிட்டார். அடேயப்பா! ஏறினால் மனிதருக்கு மூளை வளர்ந்துவிட்டது. இறங்கினால் பஞ்சு காய்ந்துவிட்டது. இந்த வசதி எனக்கு இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் பெயிலாகியிருக்க மாட்டேன்.

அடுத்த முறை அக்காவோடு நானும் போனேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். முடியாது என்று உள்ளே போய் அக்கா பக்கத்திலேயே நின்றேன். அக்காவின் கை அத்தானுடைய நாற்காலியின் இரும்பு முதுகில் இருந்தது. குடை வந்தது. பூனை வந்தது. டக். அத்தான் அசையவில்லை. மறுபடி பூனை வந்தது. டக் டக். அத்தான் அழுத்தினார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஃபேன் சத்தம்.

மாடிப்படியில் வைத்து அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் நாலு படி கீழே, கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

“என்ன காரியம்டி பண்ணிட்டிருக்க?”

“நான் ஒண்ணும் பண்ணல. கை தானா போச்சு.”

“மொத தடவ தானா போச்சு. சரி. அப்புறம் வந்த நாளெல்லாம்?”

அவள் கீழே நிற்கிற அத்தானை எட்டிப் பார்த்தாள். பிறகு பொரிந்து தள்ளினாள். “மொத நாள் அவரு தப்புத்தப்பா அழுத்தினாரு. அந்தப் பொண்ணு ‘பரவால்ல தாத்தா, பரவால்ல தாத்தா’ன்னு கொழந்தையக் கொஞ்சற மாதிரி கொஞ்சினா. அவரு காதெல்லாம் செவந்துபோச்சு. கண்ணாடியத் தேடறாருடி! என்னைத் தேடறாரு! ஸ்டாப்புல வண்டிய நிறுத்திட்டு நிக்கற மனுஷனுக்கு நான் எந்த நாளாவது சிக்னல் குடுக்காம இருந்திருக்கேனா?”

“அப்போ ஏறுதே அந்தக் கோடு, அது யார் தலைக்கோடு? உன்னோடது! தொப்பிய உன் தலையிலயே மாட்டச் சொல்லு, பேசாம!”

“நீ வாய மூடு. அவருக்கு வண்டி வேணும்.”

“வண்டிய வாங்கிக் குடுத்து கொல்லப்போறியா?”

“பின்னாடி நான் இருப்பேன்ல?” என்றாள் அக்கா. எத்தனையோ முட்டாள்களுக்கு டோக்கன் கொடுத்திருக்கிறேன். என் கூடப்பிறந்தவளைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை.

நான் வாயை மூடவில்லை. திரும்பி மேலே ஏறிப்போய்க் கோட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “குடும்பத்தோட அரவணைப்பும் எங்க சிகிச்சையில ஒரு பகுதிதாம்மா” என்றார். காதில் பூ சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் மாலையே கட்டினார். பையனிடம் சொன்னேன். “சித்தி, உங்களுக்கு எதுலயுமே நம்பிக்கை கெடையாது. இது சயின்ஸ்” என்றான். சயின்ஸ்மேல் எனக்கு என்ன கோபம்? ‘தெரியல’ என்று சொன்னாரே அந்த டாக்டரம்மா, அதுதான் சயின்ஸ். இது ஜெராக்ஸ். அவன் அம்மாவைக் கேட்டான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “நான் சும்மாதான் உக்காந்திருந்தேன்” என்று கூசாமல் சொன்னாள். பெற்ற பிள்ளையிடம் அவள் பொய் சொல்லி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் என்ன? பயிற்சி முடிந்தது, விழா நடந்தது, மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். ‘நினைவாற்றலும் கவனமும் மிகச் சிறப்பு’ என்று முத்திரை குத்தி ஒரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதைக் காட்டியதும் லைசென்ஸ் ஆபீசில் இருந்தவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் புதுப்பித்துக் கொடுத்துவிட்டான். அவனுக்கும் ஒரு மாலை போட்டிருக்கலாம். பையன் அப்பாவின் கையில் சாவியை வைத்து அதையும் வீடியோ எடுத்தான். அத்தான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்துபோயிற்று. அந்த ஒரு நிமிஷம் அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அக்கா சொன்ன மாதிரியே பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். முன்சீட்டில் தலை சாய்க்கிற திண்டுக்கு ஒரு இரும்புக் கம்பி உண்டே, அதில் கை. அத்தான் பழைய பஸ் ரூட்டிலேயே காரை ஓட்டினார். அக்கா எங்கே போகவேண்டும் என்று சொன்னாலும் அதே ரூட்தான். ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஓரம்கட்டி நிறுத்துவார். டக் டக் என்றால் எடுப்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், கெட்டவார்த்தையில் திட்டுவான். அக்கா ஜன்னல்வழியே கையை நீட்டிப் பொறு பொறு என்பாள். அவள் முகத்தில் இருபது வயது குறைந்துவிட்டது. “பாத்தியா? ஓட்டறாரா இல்லியா?” என்று என்னிடம் பெருமை வேறு. எனக்கு வேலைக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் நானும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொள்வேன். செத்தால் மூன்று பேருமாகச் சாவோம் என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.

அன்றைக்கும் நான் இருந்தேன். மருந்துக்கடை முன்னால் இருக்கிற ஸ்டாப்பில் அத்தான் நிறுத்தினார். அக்காவுக்கு மூட்டுவலிக்கு மருந்து வாங்க வேண்டும். நடைபாதை உயரம், அவளால் தனியாக ஏற முடியாது என்று நானும் இறங்கினேன். இறங்குவதற்கு முன்னால் அவள் மறக்காமல் ஒரு தட்டு தட்டினாள். “நில்லுங்க, வந்துடறேன்.” அத்தான் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார்.

கடைக்காரன் மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு பஸ் வந்து நின்று ஹாரனை அமுக்கியது. ஸ்டாப்பில் கார் நிற்கிறதே, பஸ்ஸுக்கு இடம் வேண்டாமா? கார் நகரவில்லை. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் குதித்து வந்தான். இளைஞன், அவசரக்காரன். “எடுய்யா வண்டிய!” என்று காரின் கூரையில் பலமாக இரண்டு தட்டு தட்டினான்.

பக்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒருகாலத்தில் கூட்டமே சேர்ந்து தட்டினாலும் அசையாத மனிதர். அவளுடைய மோதிரம் எது, மற்றவன் கை எது என்கிற வித்தியாசமும் அவரிடமிருந்து போயிருந்தது. கார் கிளம்பிவிட்டது.

அக்கா மூட்டுவலியை எங்கே விட்டாளோ தெரியாது. கிளம்புகிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறினாள். என்னையும் இழுத்துப் போட்டாள். “யாரைக் கேட்டுடா தட்டின? யாரைக் கேட்டுடா ரெண்டு தட்டு தட்டின?” என்று அந்தக் கண்டக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் மிரண்டுபோய், “பாட்டிம்மா, டிக்கெட்டு…” என்றான். நான்தான் டிரைவரிடம் போய், முன்னால் போகிற வெள்ளைக் காரை விட்டுவிடாதீர்கள், அதில் இருப்பவருக்கு நினைவு சரியில்லை என்று கெஞ்சினேன்.

அடுத்த ஸ்டாப்பிலேயே கார் நின்றிருந்தது. ஆனால் ரோட்டில் இல்லை. முன்சக்கரம் இரண்டும் நடைபாதைக்கு மேலே ஏறி, பயணிகள் உட்கார்கிற பெஞ்சை இடித்து வளைத்திருந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், குழந்தையின் ஷூவைக் கட்டிவிட ஒரு எட்டு தள்ளிக் குனிந்திருக்கிறாள். அவள் வைத்துவிட்டுப்போன பை பம்பருக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது, பால் வழிந்துகொண்டிருந்தது. சுவருக்கும் காருக்கும் நடுவில், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நகர வழியில்லாமல் அவள் நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் பாதி திறந்த ஜன்னல்வழியே கத்திக்கொண்டிருந்தார். “ஆஃப் பண்ணுய்யா! சாவியக் குடு!”

“கண்டக்டர் வராம முடியாது சார்” என்றார் அத்தான். அவ்வளவு நிதானமாக.

போலீஸ்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கூரையில் தட்டக் கையை ஓங்கினார். சுற்றி நின்றவர்களில் இரண்டு மூன்று பேரும் காரை நெருங்கிக் கையை ஓங்கினார்கள். இரண்டு தட்டு விழுந்தால் கார் கிளம்பிவிடும். அந்தப் பெண்ணும் குழந்தையும் நேர் எதிரே நிற்கிறார்கள்.

“யாரும் தட்டாதீங்க!” என்று கத்தினாள் அக்கா. அந்த மாதிரி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. “கை வைக்காதீங்கய்யா! யாரும் வண்டியத் தொடாதீங்க!” ஓங்கின கைகள் அப்படியே நின்றன.

பின்கதவைத் திறந்து அவள் உள்ளே உட்கார்ந்தாள். அத்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“லேட்டு” என்றார்.

“வந்துட்டேன்” என்றாள்.

அவள் கை கம்பிக்குப் போயிற்று. மோதிரத்தை அதில் வைத்தவள், உடனே எடுத்துவிட்டாள். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். அந்தப்பக்கம் நகர்ந்து அங்கேயும் குனிந்து பார்த்தாள். என் கைப்பை அங்கே கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் இவளுக்கும் பைத்தியமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பியில் மூன்று தட்டு தட்டினாள்.

அத்தான் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். ஜெராக்ஸ்காரன் விரல் விரலாகப் பிரித்து வாங்கின சாவி. சர்டிபிகேட்டும் மாலையும் போட்டுத் திருப்பிக் கொடுத்த சாவி. அதைத் திரும்பிப் பார்க்காமலே தோளுக்குமேல் பின்னால் நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். வெளியே அந்தப் பெண் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன்.

அத்தான் கண்ணாடியைச் சரிசெய்து, அக்கா மட்டும் இருந்த பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

“இன்னிக்கிக் கூட்டம் கம்மி” என்றார்.

“ஆமா” என்றாள் அக்கா. “எல்லாரும் எறங்கிட்டாங்க.”